மாடல் டி ரேடியேட்டர் ஃபேன்: நாலு இறக்கையா, ரெண்டா, ஆறா? எப்படிச் சோதிப்பது?

பித்தளைவாசி:

வணக்கம் நண்பர்களே. பட்டறையில் ஒரு 1924 ஃபோர்டு மாடல் டி கார் கிட்டத்தட்ட ஓடத் தயாராகிவிட்டது. எஞ்சின் கட்டி ஏற்றியாச்சு. ரேடியேட்டர் கோர் (காற்று புகுந்து போகும் நடுப்பகுதி) புதுசு, டேங்க் பழசு. மிச்சம் இருக்கிற பஞ்சாயத்து ஃபேன் மட்டும்தான். கையில் மூன்று இருக்கின்றன. வண்டியோடு வந்த நாலு இறக்கைத் தகடு ஃபேன். ஃபோர்டின் அடுத்த காரான மாடல் ஏ ரகத்தில் விமானப் புரொப்பெல்லர் போலிருக்கும் ரெண்டு இறக்கை, அலுமினியத்தில் வார்த்த நகல். அப்புறம் ஏதோ புதுக் காரிலிருந்து கழற்றிய ஆறு இறக்கை பிளாஸ்டிக்.

வாய்ச்சண்டை வேண்டாம், சோதித்தே பார்த்துவிடலாம் என்று ஆங்கிள் இரும்பில் ஒரு ஸ்டாண்ட் அடித்தோம். ஒரு மோட்டார், வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு கண்ட்ரோல் பெட்டி, ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) பார்க்க ஒளி டாக்கோமீட்டர், காற்று வேகத்துக்குக் கையடக்க அனிமோமீட்டர். மூன்று ஃபேனையும் ஒரே வேகத்தில் ஓட்டி, பின்னால் ஒரு முழம் தள்ளி மீட்டரைப் பிடித்தேன். ஆறு இறக்கை நன்றாகவே முந்துகிறது. ரெண்டு இறக்கை நான் நினைத்ததைவிட நெருங்கி வருகிறது. அசல் ஃபேன் கடைசி.

இதை வைத்து முடிவு பண்ணலாமா? இல்லை, சோதனையிலேயே ஓட்டை இருக்கிறதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

லேத்துப்பட்டறை:

ஏனுங்கண்ணே, கண்ணு முன்னாடி ரிசல்ட் இருக்குது, இன்னும் என்னத்துக்கு யோசனை? ஆறு ரெக்கையப் போட்டு வண்டிய வெளிய எடுங்க. ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன். ரேடியேட்டர முன்னாடி நிக்க வெச்சு ஓட்டுனீங்களா, இல்ல ஃபேன மட்டும் சும்மா சுத்த விட்டீங்களா?

பித்தளைவாசி:

ஃபேன் மட்டும்தான். ரேடியேட்டர் அப்போது பெயின்ட்டில் இருந்தது.

மில்காற்று:

பித்தளைவாசி, ஸ்டாண்ட் அடித்த அளவுக்குப் போனதற்கே ஒரு கும்பிடு. ஆனால் இந்த ரிசல்ட்டை வைத்து ஒரு முடிவுக்கும் வராதீர்கள். நான் பஞ்சாலையில் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட் ஃபேன்களோடு காலம் தள்ளியவன், அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

எதிரில் தடையே இல்லாமல் சுற்றும்போது ஃபேன் தள்ளும் காற்று ஒன்று. ரேடியேட்டர் கோர் வழியாக இழுக்கும்போது கிடைக்கிற காற்று வேறொன்று. தடை கூடக்கூட ஓட்டம் குறையும். ஆனால் எல்லா ஃபேனுக்கும் ஒரே மாதிரி குறையாது. ஒல்லியான ரெண்டு இறக்கை திறந்த வெளியில் பிரமாதமாகத் தெரியும். கோர் குறுக்கே வந்து அழுத்தம் கேட்டதும் இறக்கை மேல் ஒட்டி ஓடும் காற்று பிரிந்து, ஓட்டம் சட்டென்று விழும். அகலமான, எண்ணிக்கை கூடின இறக்கைகள் அந்த அழுத்தத்தைக் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ஆகவே வெறும் ஃபேனை வைத்து எடுத்த தரவரிசை, கோர் வந்ததும் தலைகீழாக மாறவும் வாய்ப்புண்டு.

அடுத்தது, மீட்டர் பிடித்த இடம். ஃபேனுக்குப் பின்னால் காற்று நேராக வராது, முறுக்கிக்கொண்டு சுழன்று வரும். கையடக்க மீட்டருக்கு அந்தச் சுழலைப் பிரித்துப் பார்க்கத் தெரியாது, எல்லாவற்றையும் வேகம் என்றே காட்டும். ரேடியேட்டருக்கு முன்பக்கம் பிடியுங்கள், அங்கே காற்று அமைதியாக உள்ளே போகும். முகப்பை நூல் கட்டிக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொரு கட்டத்திலும் அளந்து சராசரி எடுங்கள். நடுவில் மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள்.

எல்லோரும் விட்டுவிடுகிற விஷயம் பவர். ஃபேனுக்கு எவ்வளவு சக்தி போகிறது என்று தெரியாமல் எது நல்ல ஃபேன் என்று சொல்லவே முடியாது. வேகம் இரட்டிப்பானால் காற்று இரட்டிப்பாகும், அழுத்தம் நாலு மடங்கு, சக்தி எட்டு மடங்கு. புல்லியைச் சின்னதாக்கி வேகத்தை 20 சதவீதம் கூட்டினால் காற்றும் அதே 20 சதவீதம்தான் கூடும், ஆனால் சக்தி 73 சதவீதம் கூடும். மாடல் டி மொத்தமே 20 குதிரைசக்தி, அதுவும் 1600 ஆர்பிஎம்மில். அதில் ஃபேனுக்கு மொய் எழுதினால் சக்கரத்துக்கு என்ன மிஞ்சும்?

மோட்டாரை பேரிங்கில் தொங்கவிட்டு, கை நீட்டி ஒரு தராசில் முட்டவைத்தால் டார்க் (முறுக்கு விசை) நேராகவே கிடைக்கும். அது முடியாவிட்டால் இறக்கையைக் கழற்றி ஹப்பை மட்டும் ஓட்டி எவ்வளவு வாட் இழுக்கிறது என்று குறித்துக்கொண்டு, மொத்தத்திலிருந்து கழியுங்கள். துல்லியம் கொஞ்சம் குறையும், ஒப்பிட்டுப் பார்க்கப் போதும்.

ஏட்டுச்சுரைக்காய்:

இழை சூடு பிடிக்கிறது! பட்டறைக்காரர்கள் நடுவில் படிப்பாளி ஒருவன் நுழைகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஃபேன் எதற்காக வந்தது என்று பார்த்தால் எதைச் சோதிக்க வேண்டும் என்பதும் புரியும். 1886 பென்ஸ் மூன்று சக்கர வண்டியில் ரேடியேட்டரே கிடையாது. தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போகும், அதுதான் குளிரூட்டல். 1888ல் பெர்தா பென்ஸ் மான்ஹைமிலிருந்து போர்ஸ்ஹைம் போனபோது வழியெல்லாம் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனது அதனால்தான். திருப்பம் வில்ஹெல்ம் மேபாக்கின் தேன்கூட்டு ரேடியேட்டர். 1901 மெர்சிடிஸ் 35 குதிரைசக்தி வண்டியில் 6 மில்லிமீட்டர் சதுரக் குழாய்கள் 8,070 வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. எஞ்சின் 5.9 லிட்டர், தண்ணீரோ வெறும் 9 லிட்டர். அந்த ரேடியேட்டருக்குப் பின்னால் ஒரு சின்ன ஃபேன். வண்டி மெதுவாகப் போகும்போது காற்று போதாமல் போகிறதே, அதைச் சரிக்கட்டத்தான் அது. வேகமாகப் போகும்போது காற்று தானாகவே வந்துவிடுகிறது.

ஆக, ஆரம்பத்திலிருந்தே ஃபேனின் வேலை மெதுவான ஓட்டம், ஏற்றம், நின்றுகொண்டு இரைவது. அந்த வேகத்தில் சோதிக்காமல் 2000 ஆர்பிஎம்மில் யார் ஜெயித்தார்கள் என்று பார்ப்பதில் அர்த்தமில்லை.

ஃபேனை எங்கே வைப்பது என்பதிலும் ஆளாளுக்கு ஒரு வழி. மெர்சிடிஸ் சிம்ப்ளெக்ஸில் ஃப்ளைவீலின் (எஞ்சினோடு சுற்றும் கனமான சக்கரம்) கைகளையே இறக்கையாக வளைத்தார்கள். ரெனோ ரேடியேட்டரை எஞ்சினுக்குப் பின்னால், டேஷ்போர்டை ஒட்டி வைத்தது. முன்பக்கம் சரிவான பானெட். எனக்கு மிகவும் பிடித்தது நியூயார்க் மாநிலத்தில் சிரகியூஸ் நகரத்து ஃபிராங்க்ளின். 1902 முதல் 1934 வரை கார் செய்தார்கள், கடைசி வரை காற்றுக் குளிரூட்டல்தான். தண்ணீரே இல்லாததால் ஃபேன் பிசகினால் எஞ்சின் காலி. அதனால் அவர்கள் அளவுக்கு ஃபேனைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் அந்தக் காலத்தில் குறைவு. 1910 வாக்கில் ஒவ்வொரு சிலிண்டரையும் தகரச் சட்டைக்குள் வைத்து, ஃப்ளைவீலில் சிராக்கோ வகை ஃபேனைக் கட்டி, காற்றை மேலிருந்து கீழே உறிஞ்சினார்கள். 1920களின் தொடக்கத்தில் உறிஞ்சுவதை விட்டுவிட்டு முன்னாலிருந்து ஊதுவதற்கு மாறினார்கள். 1930ல் பக்கவாட்டில் ஊதினார்கள்.

குன்னூர்க்காரன்:

சிராக்கோ என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். எங்கள் பக்கத்துத் தேயிலை ஃபேக்டரிகளில் டிரையரைச் சிராக்கோ என்றுதான் பழைய ஆட்கள் சொல்வார்கள். அதே சிராக்கோவா சார் இது?

ஏட்டுச்சுரைக்காய்:

அதே வம்சம்தான். சாமுவேல் டேவிட்சன் என்கிற அயர்லாந்துக்காரர், அஸ்ஸாம் பக்கம் கச்சாரில் தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர். இலை உலர்த்த மெஷின் செய்யப்போய், பெல்ஃபாஸ்ட்டில் சிராக்கோ ஒர்க்ஸ் தொடங்கினார். உலர்த்திக்குக் காற்று வேண்டுமே, அதற்காக 1898ல் முன்பக்கம் வளைந்த குட்டிக் குட்டி இறக்கைகள் நிறைய உள்ள உருளை ஃபேனைக் கண்டுபிடித்தார். சின்ன இடத்தில், குறைந்த வேகத்தில், நல்ல அழுத்தம் கொடுக்கும். கப்பல், சுரங்கம் என்று போய், ஃபிராங்க்ளின் ஃப்ளைவீலுக்கும் வந்துசேர்ந்தது. உங்கள் ஊர்த் தேயிலைக்கும் சிரகியூஸ் காருக்கும் அப்படி ஒரு உறவு.

அந்தக் காலத்தில் ஆய்வகச் சோதனையைவிட ஊரறியச் செய்கிற சோதனைக்குத்தான் மவுசு. 1915ல் ஒரு ஃபிராங்க்ளினை வாஷிங்டன் மாநிலத்து வாலா வாலாவிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோ வரை 860 மைல், கீழ் கியரிலேயே ஓட்டிக் காட்டினார்கள். எஞ்சின் முழு வேகத்தில் கத்தும், வண்டி நத்தை வேகத்தில் போகும், எதிர்க்காற்று உதவிக்கு வராது. ஃபேனுக்கு இதைவிடக் கடுமையான பரீட்சை வேறென்ன வேண்டும்?

எதிர்முனையில் 1923 செவர்லே. சார்லஸ் கெட்டரிங் செய்த, செம்புத் தகடு பதித்த காற்றுக் குளிர் எஞ்சின். கெட்டரிங் சாதாரண ஆள் இல்லை, எலக்ட்ரிக் ஸ்டார்ட்டர் கொடுத்தவர். வெயில் காலத்தில் அந்த எஞ்சின் சூடேறி இழுவை இழந்தது. 759 வண்டி செய்தார்கள், விற்றதை ஜூன் மாதத்தில் திரும்ப அழைத்தார்கள். சோதனை முடியும் முன்னரே உற்பத்திக்கு அவசரப்பட்டார்கள் என்பது என் கருத்து. ஜெனரல் மோட்டார்ஸுக்குள் நடந்த அரசியலும் ஒரு காரணம், அது தனி இழைக்கான கதை.

ஏ40யாழ்:

அண்ணைமார், எனக்கொரு சந்தேகம். எங்கட பக்கம் ஒஸ்டின் ஏ40 கார் ஓட்டுற சிலபேர் ஃபேனைக் கழட்டிப்போட்டு ஓடினால் எண்ணெய் மிச்சம், இழுவையும் கூடும் எண்டு சொல்லுகினம். மில்காற்று அண்ணை சொன்ன கணக்குப்படி பாத்தால் அது சரிதானே? பிறகு ஏன் ஃபேன்?

மில்காற்று:

ஏ40யாழ், நல்ல கேள்வி. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம், மாடல் டியை வைத்தே.

20 குதிரைசக்தி என்றால் 15 கிலோவாட். இந்த மாதிரி பழைய எஞ்சினில் சக்கரத்துக்குப் போகிற அளவுக்குக் குறையாமல் தண்ணீருக்கும் சூடு போகும். ஆகவே முழு ஏற்றத்தில் ரேடியேட்டர் 15 கிலோவாட்டாவது வெளியேற்ற வேண்டும். காற்று கோர் வழியாகப் போய் 35 டிகிரி சூடேறி வெளியே வருகிறது என்று வைத்துக்கொண்டால், வினாடிக்கு ஒரு கன மீட்டர் காற்று சுமார் 42 கிலோவாட் சுமக்கும். நமக்குத் தேவை 0.36 கன மீட்டர். முகப்பு கால் சதுர மீட்டர் என்றால் கோருக்குள் நுழையும் வேகம் வினாடிக்கு ஒன்றரை மீட்டருக்கும் கீழே. மணிக்கு 5 கிலோமீட்டர், நடக்கிற வேகம்!

வண்டி ஓடும்போது எதிர்க்காற்று முழுக்கக் கோருக்குள் போகாது; பெரும்பகுதி சுற்றிக்கொண்டு ஓடிவிடும். மூன்றில் ஒரு பங்கோ நாலில் ஒரு பங்கோதான் உள்ளே நுழையும் என்று வைத்தாலும், 30 கிலோமீட்டர் வேகத்தில் சமதரையில் ஃபேனே தேவையில்லை. அந்த அளவுக்கு உங்கள் ஊர்க்காரர்கள் சொல்வது சரி. ஆனால் சந்தையில் மாட்டினால்? லெவல் கிராசிங்கில் நின்றால்? ஏற்றத்தில் கீழ் கியரில் ஊர்ந்தால்? அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் ஃபேன். தண்ணீர் பம்ப் உள்ள ஏ40 கொஞ்சம் சமாளிக்கும். பம்ப் இல்லாத மாடல் டி சமாளிக்காது.

மாடல் டி தண்ணீர் ஓட்டம் எவ்வளவு மெல்லிய விஷயம் என்று பலருக்குத் தெரியாது. முதல் 2,500 வண்டிகளுக்கு மட்டும் ஃபோர்டு பம்ப் வைத்தது, அதன்பிறகு எடுத்துவிட்டது. சூடான தண்ணீர் லேசு, அது மேலே போகும். குளிர்ந்தது கனம், அது கீழே இறங்கும். மேலே 90 டிகிரி, கீழே 60 டிகிரி என்றால் ஒரு லிட்டருக்கு எடை வித்தியாசம் 18 கிராம்தான். 40 சென்டிமீட்டர் உயரத்துக்கு அந்த வித்தியாசம் கொடுக்கும் அழுத்தம் சுமார் 7 மில்லிமீட்டர் தண்ணீர் உயரம். தண்ணீரைச் சுற்றவைக்கிற மொத்த பலமும் அவ்வளவே. குழாய்க்குள் ஒரு பூச்சு சுண்ணாம்பு படிந்தாலும், மட்டம் மேல் குழாய் வாய்க்குக் கீழே இறங்கினாலும், ஓட்டம் நின்றுவிடும். ஆறு இல்லை, பன்னிரண்டு இறக்கை போட்டாலும் பிரயோஜனமில்லை.

லேத்துப்பட்டறை:

இதத்தான் நான் சொல்ல வந்தனுங்க, மில்காற்று சார் கணக்கோட சொல்லிட்டாரு. தண்ணி கொதிக்குதுன்னு வர்ற பழைய வண்டிக்கு ஃபேன் மாத்தறது கடைசி வேலைங்க. முதல்ல ஸ்பார்க் லிவர் (பொறி விழற நேரத்த மாத்தற கைப்பிடி) எங்க நிக்குதுன்னு பாருங்க. டைமிங்க பின்னாடி விட்டு ஓட்டுனா எக்ஸாஸ்ட் செவந்து போகும், அந்தச் சூடு எல்லாம் தண்ணிக்குத்தான். அப்புறம் மிக்சர் லீனா (காத்து ஜாஸ்தி, பெட்ரோல் கம்மியா) இருக்குதான்னு பாக்கோணும். அதுக்கப்புறம் மேல கீழ ரப்பர் ஹோஸ், உள்ளார ஊதி அடைச்சிருக்கும், வெளிய பாத்தா தெரியாது.

ஃபேன்லயும் மொதல்ல பாக்க வேண்டியது ரெக்கை இல்லீங்க, புஷ், அதாவது அச்சத் தாங்கற உருளை. மாடல் டி ஹப்புல வெண்கல புஷ் தேஞ்சா ஃபேன் தலையத் தொங்கப்போட்டுக்கும். ரெக்கை நுனி போய் கோர உரசும். புது கோர்ல ஒரே நாள்ல ஓட்டை. அப்புறம் அந்தத் தட்டை பெல்ட்டு. எண்ணெய் பட்ட தோல் பெல்ட்டு நழுவுச்சுன்னா எஞ்சின் ஒரு வேகம், ஃபேன் ஒரு வேகம். ஸ்டாண்டுல மோட்டார நேரா ஷாஃப்ட்ல மாட்டிட்டீங்கன்னா பெல்ட்டு நழுவுறது எப்படித் தெரியும்? வண்டியில கிராங்க் புல்லிக்கு ஒரு ஸ்டிக்கர், ஃபேனுக்கு ஒரு ஸ்டிக்கர் ஒட்டி ரெண்டையும் டாக்கோவுல பாருங்க. குளுந்து இருக்கறப்ப ஒருக்கா, சூடேறுன பின்னாடி ஒருக்கா.

பித்தளைவாசி:

எல்லோருக்கும் நன்றி. சொன்னபடி ரேடியேட்டரை முன்னால் நிறுத்தி, நூல் கட்டம் போட்டு, திரும்ப ஓட்டினோம். சில விஷயங்கள் தெளிவாகத் தெரிந்தன.

கோர் வந்ததும் ரெண்டு இறக்கை கடைசிக்குப் போய்விட்டது. ஆறு இறக்கைக்கும் அசல் நாலு இறக்கைக்கும் இருந்த இடைவெளி வெகுவாகச் சுருங்கியது. ஆனால் ஆறு இறக்கை இழுக்கும் வாட் அசலைவிடக் கணிசமாக அதிகம். வேகம் கூடும்போது அந்த வித்தியாசம் விகாரமாகிறது, மோட்டார் முனகுவது காதுக்கே தெரிந்தது.

கண் திறந்தது மூலைகளில்தான். ரேடியேட்டர் சதுரம், ஃபேன் வட்டம். மேல் மூலைகளில் மீட்டர் அசையவே இல்லை. பட்டறைச் சாமி படத்துக்கு ஏற்றியிருந்த ஊதுபத்தி ஒன்றை எடுத்து அந்த மூலைக்கு முன்னால் பிடித்தோம். நடுவில் பிடித்தால் புகை கோடு போட்ட மாதிரி உள்ளே இழுபடுகிறது. மூலைக்குக் கொண்டுபோனால் தயங்கி நிற்கிறது. இடது மேல் ஓரத்தில் புகை கோரிலிருந்து நம் முகத்தை நோக்கித் திரும்பி வருகிறது! ஃபேன் பின்னால் தள்ளின காற்று, இறக்கை நுனிக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் சுற்றிக்கொண்டு முன்பக்கமே வெளியே வருகிறது. வண்டியில் அது சூடான காற்றாக இருக்கும். அதாவது ரேடியேட்டரின் ஒரு பகுதி சூடு வாங்கிக்கொண்டிருக்கும்.

தகரத்தில் ஒரு கூண்டு வளைத்து ரேடியேட்டரின் பின்விளிம்போடு ஒட்டி, ஃபேன் பாதி உள்ளே பாதி வெளியே இருக்கும்படி வைத்தோம். நுனிக்கும் தகரத்துக்கும் ஒரு விரல் இடைவெளி. மூலையில் புகை உள்ளே போக ஆரம்பித்தது. கூண்டோடு அசல் ஃபேன், கூண்டில்லாத ஆறு இறக்கையைத் தாண்டிவிட்டது. இழுத்த வாட்டும் குறைவு.

மில்காற்று:

அருமை! அந்த ஊதுபத்தி, மீட்டரைவிட அதிகம் சொல்லிவிட்டது. இன்னொன்று பாக்கி. பானெட்டை மூடிச் சோதித்தீர்களா? உள்ளே இழுத்த காற்று வெளியே போக வழி வேண்டும். பானெட் பக்கத்து வெட்டுகள், எஞ்சினுக்கு அடியில் இருக்கும் சந்து, இவையும் தடைதான். ஸ்டாண்டில் பின்பக்கம் முழுக்கத் திறந்த வெளி. ஒரு பிளைவுட் பெட்டியையாவது பின்னால் வைத்து, எஞ்சின் இருக்கும் இடத்தில் ஒரு டிரம்மை நிறுத்திப் பாருங்கள்.

முதல் உலகப்போர்ச் சமயத்தில், 1917, 1918 வாக்கில், அமெரிக்காவில் நேஷனல் பீரோ ஆஃப் ஸ்டாண்டர்ட்ஸ் விமான ரேடியேட்டர்களைக் காற்றுச் சுரங்கத்தில் வரிசையாகச் சோதித்தது. கோர் எவ்வளவு சூட்டை விடும் என்பது அதன் வழியாகப் போகிற காற்றின் எடையைப் பொறுத்தது. அந்த எடை, கோரின் தடையையும் அது மாட்டப்பட்ட இடத்தையும் பொறுத்தது. ரேடியேட்டரைத் தனியாக மதிப்பிட்டு ஒரு பயனும் இல்லை என்பதுதான் அதன் உட்பொருள். ஃபேனுக்கும் அதேதான்.

அசல்பிரியன்:

எல்லாம் சரி. 1924 வண்டியில் பிளாஸ்டிக் ஃபேன், தகரக் கூண்டு! பானெட்டைத் திறந்தால் ஏர்கூலர் மாதிரி இருக்கும். கண்காட்சிக்குக் கொண்டுவராதீர்கள், அவ்வளவுதான் சொல்வேன். ரெண்டு இறக்கைதான் வேண்டுமென்றால் வார்ப்பு நகல் எதற்கு, அசல் மாடல் ஏ ஃபேனே பழைய சாமான் சந்தையில் கிடைக்கிறதே?

மில்காற்று:

அசல்பிரியன், மன்னிக்கவும், இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மாடல் ஏ அசல் ஃபேன் ரெண்டு தகட்டை அழுத்தி ஒட்டவைத்த, உள்ளே பொள்ளலான இறக்கை. உள்ளே ஈரம் தங்கித் துருப்பிடிக்கும், வெளியே பெயின்ட் பளபளக்கும். விளிம்பு பிளந்து, ஓடும்போது இறக்கை பிய்ந்து பானெட்டைக் கிழித்துக்கொண்டு போன கதைகள் மாடல் ஏ வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்தவை. சில சமயம் ரேடியேட்டரையும் சேர்த்துக் கொண்டுபோகும்.

கணக்கு பாருங்கள். ஒரு இறக்கை 400 கிராம், அதன் எடை மையம் அச்சிலிருந்து 12 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 2500 ஆர்பிஎம்மில் அது வெளியே இழுக்கும் விசை 330 கிலோவுக்கு மேல். 16 அங்குல ஃபேனில் நுனி வேகம் மணிக்கு 190 கிலோமீட்டர். நூறு வயதை நெருங்கும் துருப்பிடித்த தகட்டை அப்படிச் சுற்றவிட்டு, பக்கத்தில் நின்று கார்புரேட்டர் திருகுகிறோம்! அலுமினிய வார்ப்பையே நல்ல இடத்தில் வாங்கி, சாயம் ஊற்றி விரிசல் பார்த்துத்தான் மாட்ட வேண்டும்.

பித்தளைவாசி, உங்கள் ஸ்டாண்டுக்கும் இதே எச்சரிக்கை. இறக்கை சுற்றும் தளத்துக்கு நேரே யாரும் நிற்கக்கூடாது. பக்கவாட்டில் மணல் மூட்டை அடுக்குங்கள். மீட்டரைக் கம்பில் கட்டிப் பிடியுங்கள்.

அசல்பிரியன்:

அந்த அளவுக்கு என்றால் நான் வாயை மூடிக்கொள்கிறேன். ஆனால் பிளாஸ்டிக்குக்கு என் ஓட்டு கிடையாது.

ஏ40யாழ்:

ஒண்டு கேக்க மறந்திட்டன். சில பழைய கார்களில நாலு இறக்கையும் சரியான சிலுவையா இல்லாமல், கத்தரிக்கோல் விரிச்ச மாதிரி சரிஞ்சு நிக்குதே. அது வளைஞ்சு போனதோ, செய்ததே அப்பிடித்தானோ?

மில்காற்று:

செய்ததே அப்படித்தான். இறக்கைகள் சம இடைவெளியில் இருந்தால் ஒரே சுருதியில் ஊளையிடும். இடைவெளியை மாற்றினால் சத்தம் பல சுருதிகளில் சிதறிவிடும், காதுக்கு அவ்வளவாக உறைக்காது. எதிரெதிர் இறக்கைகள் நேர்கோட்டில் இருப்பதால் பேலன்ஸ் கெடாது. நிமிர்த்திவிடாதீர்கள்.

பித்தளைவாசி:

பட்டறையில் எடுத்த முடிவு: அசல் நாலு இறக்கை, புது புஷ், புது பெல்ட். தகரக் கூண்டைக் கறுப்படித்து, கழற்றி மாட்டும்படி வைக்கிறோம், கண்காட்சியன்று இருக்காது. அசல்பிரியன் நிம்மதியாகத் தூங்கலாம். ரேடியேட்டரின் பக்கச் சந்துகளில் ஃபெல்ட் வைத்து அடைத்தோம், அதற்கே மூலையில் புகை கொஞ்சம் அடங்கியது.

இனி சாலையில் எப்படிச் சோதிப்பது? டேங்க் மூடியில் பழைய மோட்டோமீட்டர் என்கிற வெப்பமானி இருக்கிறது, அதை நம்பலாமா?

மில்காற்று:

அலங்காரத்துக்கு இருக்கட்டும். அது தண்ணீரைத் தொடாது, மேலே நிற்கும் ஆவியின் சூட்டைத்தான் காட்டும். மட்டம் இறங்கினால் அதன் பேச்சுக்கு மதிப்பில்லை. மேல் ஹோஸுக்குள் ஒரு தெர்மோகப்பிள் (சூடு அளக்கும் ஒயர்), கீழ் ஹோஸில் ஒன்று, பம்பருக்கு முன்னால் நிழலில் ஒன்று.

கணக்கு எளிது. ஒரே சுமை, ஒரே வேகத்தில், சூடு ஏறாமல் இறங்காமல் நிலைக்கும் வரை ஓட்டுங்கள். வெளிக்காற்று 30, மேல் டேங்க் 88 என்றால் வித்தியாசம் 58. அந்த வித்தியாசம் ஏறக்குறைய மாறாது. ஆகவே வெளியே 42 டிகிரி வரும் நாளில் இந்த வண்டி கொதிக்கும். காலையில் ஓட்டினதையும் மத்தியானம் ஓட்டினதையும் ஒரே தராசில் வைக்க இது ஒன்றுதான் வழி. வெறும் தண்ணீர்ச் சூட்டை மட்டும் எழுதிவைத்தால் ஃபேன் மாறியதா, வெயில் மாறியதா என்று தெரியாது. ஸ்பார்க் லிவர் எந்தப் பல்லில் நின்றது என்பதையும் ஒவ்வொரு தடவையும் குறியுங்கள்.

குன்னூர்க்காரன்:

மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே ஏற்றிப் பாருங்கள், அதைவிட நல்ல பரீட்சை இல்லை. ஆனால் கொதிநிலையை 100 என்று வைக்காதீர்கள். குன்னூர் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். குளிர் இருக்கிறதே, சரிக்கட்டிவிடாதா?

மில்காற்று:

பாதி சரிக்கட்டும். கீழே இருந்து மேலே வரும்போது காற்று பத்து டிகிரிக்கு மேல் குளிரும், கொதிநிலை ஆறு டிகிரி இறங்கும், அந்த வகையில் லாபம். ஆனால் காற்றின் அடர்த்தி அங்கே ஆறில் ஒரு பங்கு குறைவு. ஃபேன் தள்ளுவது அதே கன மீட்டர்தான், எடை குறைந்துவிடும், சுமக்கும் சூடும் குறையும். எஞ்சினும் அதே விகிதத்தில் மூச்சு வாங்கி சக்தி இழக்கும், ஆகவே தயாரிக்கிற சூடும் குறையும். ஆனால் ஏற்றம் குறையாதே! லோ பெடலை (கீழ் கியருக்கான மிதியை) மிதித்துக்கொண்டே போவீர்கள். பர்லியாறு வரைக்குமான பகுதிதான் மோசம், அங்கே காற்றும் சூடு, ஏற்றமும் கடுமை. அங்கே எடுத்த அளவை முக்கியமாக வையுங்கள்.

லேத்துப்பட்டறை:

தெர்மோகப்பிள் ஒயரு என்கிட்ட சும்மா கெடக்குதுங்க, கொண்டாந்து தர்றேன். ஹோஸ்ல சொருகறதுக்குப் பித்தளைல ஒரு அடாப்டர் கடைஞ்சரலாம், பழைய டேங்குல ஓட்டை போட்டறாதீங்க. ஒரு சேதி மட்டும் சொல்லுங்க, அந்த பெல்ட்டு தோலா, கேன்வாஸா? தோலுன்னா மலையேறும்போது ஸ்பேர் ஒண்ணு கையில வெச்சுக்குங்க.

பித்தளைவாசி:

கேன்வாஸ்தான். ஸ்பேரும் இருக்கிறது. சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்புகிறோம், வர விருப்பமுள்ளவர்கள் தனிச்செய்தி அனுப்புங்கள். பின்னால் வரும் வண்டியில் தண்ணீர் கேன் வைக்க இடம் வேண்டும்.